முள்காட்டின் நீர்நிலைகளும் ஒரு பீரங்கிக்காரரும்: ஜெனரல் பெல்யாயெவ் – நிகழ்வு ஆய்வு

1931 மார்ச். பராகுவேயின் வடக்கே, சாக்கோ என்னும் முள்காட்டுக்கு உள்ளே, பல வாரங்களாக அலைந்த ஒரு சிறு கூட்டம் கடைசியில் ஒரு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. வழிகாட்டி வந்தவர்கள் சமகோக்கோ பழங்குடியினர். அவர்களுடைய தலைவரை ஸ்பானிஷ் பேசுபவர்கள் சிச்சர்ரோன் என்று கூப்பிட்டார்கள். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பழைய ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்தவர்கள்: ஓரன்ஷெரேயெவ், எக்ஸ்டைன். இவர்களுக்கெல்லாம் தலைமை, ஒல்லி உடம்பும் கூர்தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக, ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு மனிதர். ஒரு காலத்தில் ஜார் மன்னரின் பீரங்கிப் படையில் மேஜர் ஜெனரல். பெயர் இவான் திமோஃபேயெவிச் பெல்யாயெவ். பராகுவேயில் ஹுவான் பெலாயெஃப்.

அந்த ஏரியின் பெயர் பித்தியாந்தூத்தா. சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளம். பராகுவே ராணுவத்தின் வரைபடத்தில் அந்த இடம் அதுவரை வெறும் வெள்ளைத்தாள். பெல்யாயெவ் அதைக் குறித்துக்கொண்டு போனார். பதினைந்து மாதம் கழித்து, அதே கரையில் நடந்த ஒரு சின்னத் துப்பாக்கிச் சண்டையில், இருபதாம் நூற்றாண்டுத் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய போர் தொடங்கியது.

இந்த மனிதரைப் பற்றி மூன்று விதமான கதைகள் உலவுகின்றன. 'ஜெர்மன் தளபதியைத் தோற்கடித்த ரஷ்ய ஜெனரல்' என்பது ரஷ்யர்கள் சொல்வது. பராகுவேக்காரர்களுக்கு அவர் ஒரு தெருப்பெயர், பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. மக்கா என்னும் பழங்குடி மக்களுக்கு அவர் ஏறக்குறைய குலதெய்வம். (மக்கா என்றதும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த இனத்தின் பெயரே அதுதான், நான் என்ன செய்ய.) இந்த மூன்று கதையும் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில்தான் எனக்கு ஆர்வம். நாடு போய், படை போய், பதவியும் போன பின் ஒரு பீரங்கி ஜெனரலிடம் தொழில் என்று மிஞ்சியது என்ன, அதை அவர் எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தார், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம்.

மலைப் பீரங்கியின் பாடம்

பெல்யாயெவ் 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். குடும்பமே பட்டாளக் குடும்பம், அப்பாவும் பீரங்கிப் படைக்காரர். சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பழஞ்சாமான்களுக்கு இடையே, பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனின் கொள்ளுத்தாத்தா காலத்து வரைபடம் ஒன்று கையில் கிடைத்ததாகப் பிற்காலக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். செவ்விந்தியக் கதைகளை விழுந்து விழுந்து படித்த வயது அது. பீட்டர்ஸ்பர்க் பனியில் உட்கார்ந்துகொண்டு பராகுவேயை நினைத்து ஏங்கிய பிள்ளை. வயதான பின் எழுதும் எவருக்கும் தன் வாழ்க்கை முன்பே எழுதிவைத்ததுபோலத் தெரியும் என்பதால், இதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் ஸ்பானிஷ் மொழியை இளமையிலேயே எட்டிப் பார்த்தவர் என்பதால் முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

கேடட் பள்ளி, அப்புறம் மிகைலோவ்ஸ்கி பீரங்கிப் பள்ளி, அப்புறம் காவல் படைப் பீரங்கிப் பிரிவு. நல்ல குடும்பத்துப் பையனுக்கு வழக்கமான பாதைதான். முதல் மனைவி இளம் வயதிலேயே இறந்துபோனார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அவர் காகசஸ் மலைப்பகுதியின் மலைப் பீரங்கிப் பிரிவுக்குப் போனார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்ட திறமை இங்கேதான் உருவானது.

மலைப் பீரங்கி என்பது பிரித்துக் கட்டும் பீரங்கி. குழாய் ஒரு குதிரை மேல், சக்கரம் ஒரு குதிரை மேல், கவசத்தட்டு இன்னொன்றின் மேல் என்று ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள். சுடுவது நாளுக்குப் பத்து நிமிடம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மற்ற நேரமெல்லாம் அதிகாரிக்கு மண்டைக்குடைச்சல் வேறு: அடுத்த தண்ணீர் எங்கே, குதிரை எத்தனை மணி நேரம் தாங்கும், இந்தப் பாதை எங்கே போய் முட்டும், உள்ளூர்க்காரன் சொல்வதை நம்பலாமா. அதைத் தாண்டி இடம் சேர்ந்தபின், கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுட வேண்டும். நடுவே ஒரு முகடு இருக்கும், இலக்கு அதற்கு அந்தப் பக்கம். தான் நிற்கும் புள்ளி எது, எதிரி நிற்கும் புள்ளி எது, இரண்டுக்கும் உள்ள தூரமும் கோணமும் உயரவித்தியாசமும் என்ன என்று தாளில் கணக்குப் போட்டுத்தான் குண்டை அனுப்ப முடியும். வரைபடம் இல்லாத பீரங்கி, தெருவில் போகிறவன் மேல் கண்ணை மூடிக்கொண்டு எறியும் கல். மலைப் பீரங்கிகளுக்கான ராணுவ விதிமுறைகளை எழுதும் வேலையிலும் பெல்யாயெவுக்குப் பங்கு இருந்தது.

உலகப் போரில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கார்பாத்திய மலைகளில் சண்டை, செயின்ட் ஜார்ஜ் விருது, 1915இல் காயம், 1916இல் கனரகப் பீரங்கிப் பிரிவு ஒன்றின் தலைமை, அந்த ஆண்டு ரஷ்யா நடத்திய புருசிலோவ் பெருந்தாக்குதலில் பங்கு. போர் முடிவதற்குள் மேஜர் ஜெனரல் ஆகிவிட்டார். 1917 புரட்சிக்குப் பின் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையில் சேர்ந்து, அதன் தளபதிகளில் ஒருவரான ரேங்கலின் காகசஸ் படையில் பீரங்கித் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தார். தோற்ற பக்கம். 1920இல் கருங்கடல் கரையிலிருந்து கப்பலேறினார். துருக்கி, பால்கன் நாடுகள் என்று அகதிகள் போன வழியிலேயே அவரும் போனார். அன்றைய பாரிசில் டாக்சி ஓட்டிய கர்னல்களும் ஓட்டலில் கோட்டு வாங்கி மாட்டிய பிரபுக்களும் ஏராளம். பெல்யாயெவ் அந்த வரிசையில் நிற்கவில்லை. 1923இல் புவனோஸ் அயர்ஸ், 1924 மார்ச்சில் அசுன்சியோன்.

ஏன் பராகுவே?

ரொமான்டிக் பதில், அந்தச் சிறுவயது வரைபடம். நடைமுறைப் பதில் வேறு. பராகுவே 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே என்று மூன்று நாடுகளோடு ஒரே நேரத்தில் போர் செய்து, தன் ஆண்களில் பெரும்பகுதியைப் பறிகொடுத்த நாடு. 1922–23இல் ஒரு உள்நாட்டுப் போர் வேறு முடிந்திருந்தது. படித்த ராணுவ அதிகாரி அங்கே அரிது. இவருக்கு ராணுவப் பள்ளியில் அரண் அமைக்கும் கலையும் பிரெஞ்சும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஜெனரலாக இருந்தவர் வாத்தியார் ஆனார். சம்பளம் சொற்பம்தான், ஆனால் மரியாதை இருந்தது.

வந்த கையோடு அவர் செய்த காரியம், பெல்கிரேடில் வெளியான ரஷ்யப் பத்திரிகையில், 'ரஷ்யாவை நேசிப்பவர்களே, இங்கே வாருங்கள்' என்ற பாணியில் அழைப்பு விடுத்ததுதான். அரசாங்கத்திடம் பேசி வந்தவர்களுக்கு வேலையும் வாங்கித் தந்தார். பொறியாளர்கள், நில அளவையாளர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரியாக இருந்த நிக்கொலாய் எர்ன் வந்தார். ஸ்தெபான் விசோக்கொல்யான் வந்தார். இவர் பிற்காலத்தில் பராகுவே ராணுவ ஜெனரலாகவும் கணிதப் பேராசிரியராகவும் ஆனவர். 1928இல் அசுன்சியோனில் ஒரு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் எழும்பியது. இன்றும் இருக்கிறது.

பெல்யாயெவின் பெரிய கனவு அதையும் தாண்டியது. பழைய ரஷ்யாவின் பண்பை அப்படியே அடைகாத்து வைக்கும் ஒரு குடியேற்றம், ரஷ்யாவுக்கு ஒரு மாற்று அடுப்பங்கரை. 1934இல் பாரிசிலிருந்து 'பராகுவே' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வெளியிட்டு ஆள் சேர்த்தார்கள். பிரான்சின் மார்சே துறைமுகத்திலிருந்து கப்பல்களில், ரஷ்யாவின் குதிரைவீரர் சமூகமான கொசாக் குடும்பங்களும் வந்தன. வந்து பார்த்தால் காடு, கொசு, செம்மண், கடன். கொஞ்ச நாளில் பலரும் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் பிரிந்துபோய்விட்டார்கள். திட்டம் படுத்துவிட்டது. பெல்யாயெவுக்குக் கனவு காணத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியாது என்று அவர் காலத்து ரஷ்யர்களே குறைப்பட்டார்கள். சரியான குறைதான் என்று எனக்கும் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் சோவியத் ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த ஜெர்மன் மொழி பேசும் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவு விவசாயிகள், 1930இல் சாக்கோவின் நட்டநடுவில் ஃபெர்ன்ஹைம் குடியேற்றத்தைத் தொடங்கி, பிழைத்தும் காட்டினார்கள். அவர்களுக்கு ஏர் பிடிக்கத் தெரியும், கூட்டுறவு தெரியும். கொசாக்குகளுக்குப் பழம்பெருமைதான் நிறைய இருந்தது.

பதின்மூன்று பயணங்கள்

1924 அக்டோபரில் பராகுவே ராணுவ அமைச்சகம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது: சாக்கோவைப் போய்ப் பார்த்து வாருங்கள். பராகுவே ஆற்றுக்கு மேற்கே, நாட்டின் பரப்பில் அறுபது சதவீதம் சாக்கோ. அங்கே தன் மண் எது என்று அசுன்சியோனில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பொலிவியாவும் அந்த மண்ணைத் தனது என்றது. பசிபிக் கரையை 1880களில் சிலியிடம் இழந்த நாடு அது. பராகுவே ஆற்றைப் பிடித்தால் அட்லாண்டிக் வரை போகலாம் என்று ஆசை. மேற்கு விளிம்பு மலையடிவாரத்தில் எண்ணெய் வேறு கிடைத்திருந்தது. பொலிவிய வீரர்கள் பிரிட்டனின் விக்கர்ஸ் ஆயுதங்களோடு ஒவ்வொரு காவல்கோட்டமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

சாக்கோ பார்ப்பதற்குத் தட்டை, உள்ளே போனால் குழி. கெப்ராச்சோ என்ற மரத்துக்கு 'கோடரி முறிப்பான்' என்று பொருள். அவ்வளவு உறுதி. வயிறு பெருத்த பாட்டில் மரங்கள், ஆள் உயரக் கள்ளி, சட்டையை மட்டுமல்லாமல் சதையையும் சேர்த்துக் கிழிக்கும் முள். மழைக்காலத்தில் களிமண் பசையாக ஒட்டும், கோடையில் பொடியாகப் பறக்கும். வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புத்தண்ணீர். அன்னாசிக் குடும்பத்துக் கரகுவாத்தா செடியின் இலைக்கவட்டில் தேங்கும் நாலு மடக்குத் தண்ணீரும், மண்ணுக்கடியில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவகைக் கிழங்கும்தான் அங்கே வாழ்பவர்களுக்கு அவசரகாலக் குடம். எந்தச் செடி, எந்தக் கிழங்கு, எந்த மாதம், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் வாயில் மட்டும் இருந்த அறிவு.

இங்கேதான் காகசஸ் மலைப் பீரங்கிக்காரரின் பழக்கம் கைகொடுத்தது. 1924க்கும் 1930களின் தொடக்கத்துக்கும் இடையே பெல்யாயெவ் பதின்மூன்று பயணங்கள் போனார். தூரம், திசை, மண்ணின் தன்மை, பாதை, முக்கியமாக நீர்நிலை எல்லாவற்றையும் குறித்தார். மற்ற அதிகாரிகள் பழங்குடிகளைச் சுமைகூலியாகப் பார்த்த இடத்தில், இவர் உட்கார்ந்து அவர்கள் சொன்ன பெயர்களைக் கேட்டு எழுதினார். ஏரிக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு ஒரு பெயர், பறவைக்கு ஒரு பெயர். பித்தியாந்தூத்தாவுக்கு 'எறும்புத்தின்னி செத்த இடம்' என்று பொருள் சொல்வார்கள். பெயர் தெரிந்தால்தானே அடுத்தமுறை ஒரு வழிகாட்டியிடம் 'அங்கே கூட்டிப்போ' என்று சொல்ல முடியும். ஆக, சொற்பட்டியல் என்பதும் முதலில் ஒரு ராணுவக் கருவியாகத்தான் அவர் கையில் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அது தலைகீழாகிவிட்டது. வரைபடத்துக்காகச் சொல் சேர்த்தவர், அப்புறம் சொல் சேர்ப்பதற்காகவே காட்டுக்குள் போக ஆரம்பித்தார்.

பித்தியாந்தூத்தா பயணம் அந்தப் பதின்மூன்றில் கடினமானது. சமகோக்கோ வழிகாட்டிகள் அந்தப் பக்கம் போகவே தயங்கினார்கள். அவர்களுடைய பரம்பரைப் பகைவர்களான மோரோக்களின் வேட்டைக்காடு அது. இன்று அயோரெயோ என்று அழைக்கப்படுபவர்கள். தாகம், பசி, பகைவர் பயம் மூன்றையும் தாண்டி அவர்களைக் கூட்டிச் சென்றது பெல்யாயெவ் மேல் இருந்த நம்பிக்கைதான் என்று எண்ண இடமிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கு?

ஏரியில் தொடங்கிய போர்

1932இல் பொலிவிய மேஜர் ஒஸ்கர் மோஸ்கோசோ விமானத்திலிருந்து அதே ஏரியைப் பார்த்தார். ஜூன் 15 அன்று அவருடைய பிரிவு கரைக்கு வந்தபோது, அங்கே பராகுவே வைத்திருந்த கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் காவல்கோட்டத்தில் இருந்தது ஒரு கார்ப்பரலும் ஐந்து வீரர்களும்தான். விரட்டிவிட்டார்கள். ஜூலை நடுவில் பராகுவே திருப்பி அடித்து மீட்டது. பொலிவிய அதிபர் தனியேல் சலமாங்கா பதிலடியாகப் பொக்கேரோன் உள்ளிட்ட மூன்று கோட்டங்களைப் பிடிக்கச் சொன்னார். செப்டம்பர் 9 முதல் 29 வரை பொக்கேரோன் முற்றுகை. அதற்குப் பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. 1935 ஜூனில்தான் துப்பாக்கி ஓய்ந்தது. இரு பக்கமும் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டிய சாவு என்பார்கள். குண்டில் போனவர்களோடு சேர்த்து, தாகத்திலும் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் போனவர்களும் ஏராளம். உயர்மலைக் குளிரில் பிறந்து வளர்ந்த பொலிவிய ஐமாரா, கெச்சுவா விவசாயிகளைக் கொண்டுவந்து இந்த அடுப்பில் இறக்கினால் வேறென்ன நடக்கும்.

பொலிவியப் படைக்குத் தலைமை தாங்க வந்தவர் ஹான்ஸ் குண்ட், ஜெர்மன் ஜெனரல், உலகப் போரில் கிழக்குப் போர்முனையில் ரஷ்யர்களோடு சண்டை போட்டவர். இந்தப் பக்கம் பெல்யாயெவும் எர்னும் மற்ற ரஷ்யர்களும். இப்படி ஒரு பொருத்தம் அமைந்தால் பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? 'பழைய போரின் மறு ஆட்டம், இந்தமுறை ரஷ்யா வென்றது' என்று ஒரு கதை பிறந்து, இன்றுவரை ரஷ்ய மொழியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது மிகை. போரை நடத்தியவர் பராகுவே தளபதி ஹோசே ஃபெலிக்ஸ் எஸ்திகார்ரிபியா. பொலிவியப் பிரிவுகளைக் காட்டுக்குள் சுற்றிவளைத்து, தண்ணீர் வழியை அறுத்து, சரணடைய வைத்தது அவருடைய திட்டமும் குவாரனி பேசும் பராகுவே விவசாயியின் கால்களும். 1933 டிசம்பரில் காம்போ வியாவில் நடந்ததும் அதுதான், அதோடு குண்டின் பதவி போனது. ரஷ்யர்கள் அதில் பங்காளிகள், நாயகர்கள் இல்லை. ஆனாலும் சின்னப் பங்கு என்றும் தள்ள முடியாது. சுமார் எண்பது ரஷ்யர்கள் அந்தப் போரில் இருந்தார்கள் என்பது அவர்கள் பக்கத்துக் கணக்கு. கொசாக் அதிகாரி வசிலி ஓரெஃபியெவ் பொக்கேரோனில் தாக்குதலுக்கு முன்னால் 'சாவதற்கு அழகான நாள்' என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டு விழுந்ததாகக் கதை. கஸ்யானோவ், சலாஸ்கின், கோல்ட்ஷ்மித், மல்யூத்தின் என்று மற்றவர்களும் அந்த மண்ணிலேயே போனார்கள். அவர்கள் பெயரில் அசுன்சியோனில் தெருக்கள் இருக்கின்றன.

பீரங்கிக்காரராகப் பெல்யாயெவுக்கு அங்கே பெரிய வேலை இருந்ததா என்று கேட்டால், சாக்கோ பீரங்கிக்கு ஏற்ற இடமே இல்லை. மேடு கிடையாது, பார்வை ஐம்பது அடி போகாது. கவனிப்பவர்கள் கெப்ராச்சோ மரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்து குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட குழாய்ப் பீரங்கியைவிட, தோளில் தூக்கிப்போய் மரங்களுக்கு மேலே செங்குத்தாக எறியும் 81 மில்லிமீட்டர் ஸ்டோக்ஸ்-பிரான்ட் மோர்ட்டார்தான் அந்தப் போரின் பயங்கரம். பராகுவே அதை நன்றாகப் பயன்படுத்தியது.

அவருடைய கைவேலை தெளிவாகத் தெரியும் இடம் நனாவா. மக்கா மக்களின் பழைய பூமியை ஒட்டிய காவல்கோட்டம் அது. எங்கே அகழி வெட்டுவது, எங்கே முள்கம்பி, எந்தக் கோணத்தில் எந்திரத் துப்பாக்கி, எந்த இடத்தில் போலி அரண் என்பதற்கான திட்டம் அவருடையது. 1933 ஜனவரியில் குண்ட் அதை மோதினார், முடியவில்லை. ஜூலை 4 அன்று இன்னும் பெரிதாக மோதினார். விக்கர்ஸ் டாங்கிகள், விமானங்கள், தீப்பீச்சிகள், சுரங்கம் தோண்டி வெடிவைத்த கண்ணி எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான வீரர்களை நேருக்கு நேர் அனுப்பினார். பொலிவியப் பக்கம் சுமார் 2,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் பெரும் உயிர்ச்சேதம் நடந்த வெர்டனை நினைத்து, நனாவாவைத் 'தென் அமெரிக்காவின் வெர்டன்' என்று சொல்வது அதனால்தான். அங்கே நின்று பிடித்த பெருமை படைத்தலைவர் லூயிஸ் இர்ராசாபாலுக்கும் அகழியில் கிடந்த வீரர்களுக்கும். அரண் திட்டம் போட்டுக் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரே வரைபடம், இரண்டு கணக்கு

இனி வசதியில்லாத பகுதி.

சாக்கோவில் காவல்கோட்டம் கட்டுவது என்றால் தண்ணீர் பக்கத்தில் கட்ட வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே யாராவது வாழ்ந்துகொண்டிருப்பார்கள். நிவாக்லே, என்லெத், மக்கா, சமகோக்கோ என்று ஒவ்வொரு இனத்தின் நீர்நிலைக்குப் பக்கத்திலும் இரண்டு நாட்டுப் பட்டாளமும் கொடி நட்டது. எதிரியின் ஒற்றர்கள் என்று சந்தேகித்துப் பழங்குடியினரைச் சுட்டார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 1932–33இல் போரோடு சேர்ந்து வந்த பெரியம்மை என்லெத் மக்களின் ஊர் ஊராகப் பாய்ந்து, எத்தனையோ குடும்பங்களைத் தடமில்லாமல் செய்துவிட்டது. பராகுவே வென்றது. யாருடைய நிலத்துக்காகப் போரோ, அந்த நிலத்துக்காரர்கள் இரண்டு பக்கத்துக் கணக்கிலும் வரவில்லை.

இதையெல்லாம் பெல்யாயெவ் மேல் ஏற்றிவிட முடியாது. அவர் வரையாவிட்டால் பொலிவிய விமானி பார்த்திருப்பார், பார்க்கவும் செய்தார். வராமல் இருந்திருக்கப்போகும் போர் இல்லை அது. ஆனாலும், தண்ணீர் எங்கே என்று ரகசியமாக வைத்திருந்த மக்கள், நம்பிச் சொன்ன ஒரு மனிதர் வழியாக அந்த ரகசியம் ராணுவ அமைச்சகத்தின் மேஜைக்குப் போனது. அவருக்கு இது உறுத்தியதா? எழுத்தில் வெளிப்படையாக இதை ஒத்துக்கொண்டு பாவமன்னிப்புக் கேட்டவர் இல்லை அவர், பராகுவேக்குச் செய்த கடமை என்றுதான் நினைத்திருப்பார். போருக்குப் பின் அவர் வாழ்ந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பார்த்தால் வேறு மாதிரியும் நினைக்கத் தோன்றுகிறது.

அசுன்சியோனில் அவருடைய வீட்டு முற்றத்தில் எப்போதும் மக்கா, சமகோக்கோ ஆட்கள் தங்கியிருப்பார்கள். சம்பளம் அதில்தான் போனது. நகரத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு, துணி, மருத்துவம், போலீஸ்காரனிடம் வக்காலத்து. மனைவி அலெக்சாந்த்ராவும் அதே வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார். சக ரஷ்யர்களில் சிலர் கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே பேசினார்கள். 1942இல் மருத்துவர் அந்திரேஸ் பார்பெரோ முதலானவர்களோடு சேர்ந்து பராகுவே பழங்குடி நலச் சங்கத்தைத் தொடங்கினார். 1946இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தென் அமெரிக்கப் பழங்குடிகள் பற்றி வெளியிட்ட பெரும் கையேட்டின் முதல் தொகுதியில், சாக்கோவின் இன்றைய மக்கள் பற்றிய கட்டுரை இவருடையது. பள்ளிப் படிப்பில் மானுடவியல் படிக்காத ஒரு பீரங்கிக்காரருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

மொழியில் அவர் செய்ததைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. மக்கா சொற்களையும் சமகோக்கோ சொற்களையும் காது கொடுத்துக் கேட்டு ஸ்பானிஷோடு வரிசைப்படுத்தினார். யாரும் எழுதாத காலத்தில் எழுதியது என்பதால் அதற்கு இன்றும் மதிப்பு. ஆனால் சேர்த்ததோடு நிற்காமல், இந்த மொழிகளில் சமஸ்கிருத வேர்கள் இருக்கின்றன, ஆசியாதான் இவர்களுடைய ஆதி ஊர் என்று கிளம்பினார். வேர்ச்சொல் வேட்டை நமக்குப் புதிதா என்ன, அந்தப் போதையை நாம் நன்றாகவே அறிவோம். மக்கா மொழி மத்தகுவாய் என்ற உள்ளூர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. விச்சி, சோரோத்தே, நிவாக்லே மொழிகள்தான் அதன் அக்கா தங்கச்சிகள். காது நல்ல காது. கோட்பாடு மட்டும் கோணல்.

மக்காக்களின் ஆடல் பாடல்களை மேடையேற்ற 1930களின் இறுதியில் ஒரு நாடகக்குழுவையும் அமைத்தார். சுமார் நாற்பது பேர் அசுன்சியோனில் ஆடினார்கள், பிறகு புவனோஸ் அயர்ஸ் வரை போனார்கள். அவர்களும் மனிதர்கள்தான், கலை உள்ளவர்கள்தான் என்று நகரத்துக்குக் காட்ட நினைத்தார். பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் அப்படிப் பார்த்தார்கள், எத்தனை பேர் சர்க்கஸ் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள் என்பது வேறு. இறகும் மணியும் கட்டிக்கொண்டு சுற்றுலாக்காரருக்கு ஆடிக்காட்டிப் பிழைக்கும் வழி மக்காக்களுக்குத் திறந்தது அப்போதுதான். இன்றும் அசுன்சியோன் தெருக்களில் மக்கா பெண்கள் நெய்த பைகளும் மணிக்கயிறுகளும் விற்பதைப் பார்க்கலாம். நல்லதா கெட்டதா என்று எட்டி நின்று தீர்ப்புச் சொல்வது எளிது. மொழி சாகாமல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும், வீட்டில் இன்றுவரை மக்கா பேசும் மக்கள் அவர்கள்.

அவர் செய்தவற்றில் உறுதியான ஒன்று நிலம். 1944இல் பராகுவே ஆற்றின் மேற்குக் கரையில், அசுன்சியோன் தாவரவியல் பூங்காவுக்கு எதிர்க்கரையில், மக்காக்களுக்கு 335 ஹெக்டேர் ஒதுக்கச் செய்தார். பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் குடியிருப்பு என்று பெயர், ஸ்பானியர் கொடுமையைத் தட்டிக்கேட்ட பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரியாரின் நினைவாக. போரில் பிறந்த மண்ணை இழந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே வந்து குடியேறினார்கள். நிலம் கொடுத்தார்களே தவிர, அது ஆண்டுதோறும் ஆறு எட்டிப்பார்க்கும் தாழ்நிலம்.

அந்தக் கரை

பெல்யாயெவ் 1957 ஜனவரியில் இறந்தார். வயது 81. ரஷ்யாவைவிட்டு வந்து முப்பத்தேழு ஆண்டுகள், திரும்பிப் போகவே இல்லை. பராகுவே அரசு துக்கம் அறிவித்து, ராணுவ மரியாதையோடு உடலை வைத்தது. மக்கா ஆண்களும் பெண்களும் ஆற்றைக் கடந்து நகரத்துக்கு வந்து சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்புறம் அவர்களே அதைப் படகில் ஏற்றித் தங்கள் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜார் படை ஜெனரலுக்கு ஆர்த்தடாக்ஸ் சடங்கு ஒரு பக்கம். அவர் மக்கா மொழியில் சொல்லிக்கொடுத்த 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தை அவர்கள் பாடினார்கள் என்பது மறு பக்கம்.

1980களின் தொடக்கத்தில் ஆறு பெருக்கெடுத்து அந்தக் குடியிருப்பை மூழ்கடித்தது. 1985இல் பெரும்பாலோர் வடக்கே மரியானோ ரோக்கே அலோன்சோவில் ஒரு புதிய குடியிருப்புக்கு மாறினார்கள். பழைய கரையை விட்டுக்கொடுத்ததாக அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. முன்னோர் புதைத்த மண், அவர்களுடைய ஜெனரலையும் புதைத்த மண்.

தாவரவியல் பூங்கா பக்கமிருந்து எதிர்க்கரைக்கு அரசு ஒரு பெரிய பாலம் கட்டத் தொடங்கியதும், பழைய சண்டை புதுசாகக் கிளம்பியது. இது எங்கள் நிலம், எங்கள் கல்லறை, யாரைக் கேட்டு வேலை செய்கிறீர்கள் என்று மக்காக்கள் நகரத்து வீதிகளில் மறியல் செய்தார்கள், போலீசோடு மோதினார்கள். பாலம் 2024இல் திறந்தது. அதற்கு 'சாக்கோ வீரர்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.